மனைவியின் ஊர்

பெருநகரை விட்டு வருபவனை அமைதி வரவேற்கும் என்பர். தன்னாமுனைக்கு இக்கூற்றுப் பொருந்தாது. மட்டக்களப்பிலிருந்து ஏறாவூருக்குச் செல்லும் நெடுஞ்சாலை ஊரினூடே ஓடுகின்றது. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வந்தாறுமூலை வளாகத்திற்குச் செல்லும் மாணவரும், ஏறாவூர்ச் சந்தைக்குச் செல்வோரும் காலைப் பேருந்துகளை நிறைக்கின்றனர்.

கொழும்பில் படித்து அங்கேயே வேலைபார்த்த இளைஞன் ஒருவன் திருமணத்தின் பின் இங்குக் குடிவந்தான். மட்டக்களப்பு வழக்கில் வீடு பெண்ணுக்கே சீதனமாகச் சேரும். பெரும்பாலும் ஆணே பெயர்ந்து செல்வான். வெள்ளவத்தை வாடகை அறையில் அவனை எவரும் பொருட்படுத்தியதில்லை. இங்கோ, வந்த வாரத்திலேயே வாவியில் வலைவீசும் முதியவர்கூட “மருமகன்” என அழைத்தார். அவ்வழைப்பு மகிழ்ச்சியையும் கூச்சத்தையும் ஒருங்கே தந்தது. ஆயின், ஒருவரும் அவன் பெயரைக் கேட்கவில்லை. இன்னாருடைய மகளின் கணவன் என்பதே போதுமானதாயிற்று.

தந்தையின் உத்தியோக இடமாற்றங்களைப் பின்தொடர்ந்த தன் தாயை, ஊர்தோறும் “கிளாக்கரின் மனைவி” என்றே அயலவர் அழைத்ததை அப்போதுதான் அவன் எண்ணிப் பார்த்தான். அன்றிரவே தாய்க்கு நீண்ட கடிதம் எழுதினான். உறையின் மேல் அவளது முழுப் பெயரையும் எழுதினான்.

ஊர் மாறும்போது எது பின்தங்கிவிடுகின்றது என்பதை அறிய, ஆண்களும் ஒருமுறை பெயர்ந்து வாழ்ந்து பார்த்தல் வேண்டும்.