அடுப்புக்குப் பக்கத்து மேசை

பீட்சா தூரம் தாங்காத உணவு. அடுப்பிலிருந்து எடுத்த சில நிமிஷங்களில் அதன் ஓரம் இறுகத் தொடங்குகிறது. இன்னும் கொஞ்சம் தாமதித்தால் பாலாடைக்கட்டி உறைகிறது, தக்காளிச் சாறு மாவுக்குள் இறங்கி அடிப்பக்கத்தை நைந்துபோகச் செய்கிறது. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில் தெருவுக்குத் தெரு பீட்சாக் கடை இருப்பதற்கு இதுவே முதல் காரணம் என்று நினைக்கிறேன். சாப்பிடுகிறவர் அடுப்பைத் தேடி வரவேண்டும். அப்படியானால் அடுப்பு அவர் நடந்து வருகிற தூரத்தில் இருக்கவேண்டும்.

இதை எனக்குப் புரியவைத்தது அந்த நகரத்தின் சனிதா பேட்டையில் ஒரு சாதாரணக் கடை. சனிதா ஒரு பள்ளத்தில் இருக்கிறது. அதன் தலைக்கு மேல் ஒரு பெரிய பாலம் போகிறது. பாலத்திலிருந்து லிஃப்டில் இறங்கினால் காய்கறித் தள்ளுவண்டிகளும் மீன்கடைகளும் ஸ்கூட்டர்களும் நெருக்கியடிக்கும் தெருக்கள். இத்தாலியர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடும் நகைச்சுவை நடிகர் தோத்தோ பிறந்த இடம் இது. கடைக்குள் நுழைந்ததும் முதலில் உடம்பில் படுவது அடுப்பின் சூடு. வாசலுக்கு எதிரே குவிமாடம் வைத்த விறகடுப்பு, அதன் முன்னால் பளிங்குப் பலகை, பலகைக்குப் பின்னால் பீட்சா மாஸ்டர். மேசைகளெல்லாம் அந்த அடுப்பைப் பார்த்தபடி போடப்பட்டிருந்தன.

மாஸ்டரின் கைவேலையை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அலுக்காது. மாவு உருண்டையைப் பலகையில் வைத்து, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி விரல்களால் அழுத்துகிறார். புளித்த மாவுக்குள் இருக்கும் காற்று ஓரத்துக்கு நகர்கிறது. அந்தக் காற்றுதான் அடுப்புக்குள் உப்பி, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயர விளிம்பாக எழும்புகிறது. பூரிக்கட்டையால் தேய்த்தால் அந்தக் காற்று செத்துப்போகும். அதனால் நேப்பிள்ஸ் முறையில் கட்டைக்கு இடமே இல்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய 1.8 கிலோ மாவு, ஐம்பது கிராமுக்குச் சற்று மேல் உப்பு, ஈஸ்ட் வெறும் 3 கிராம். ஈஸ்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டிப் புளிக்கவைக்கிறார்கள். சாப்பிட்டபின் வயிறு கனக்காமல் இருப்பதன் ரகசியம் அந்தப் பொறுமை.

அடுப்புக்குள் வெப்பம் 430 முதல் 485 டிகிரி செல்சியஸ் வரை. நீளக் கைப்பிடி வைத்த துடுப்பில் பீட்சா உள்ளே போகிறது. 60 முதல் 90 விநாடிக்குள் வெளியே வருகிறது. அடுப்பைக் கவனிக்கவே தனியாக ஓர் ஆள். நெருப்பின் பக்கம் ஓரம் கருகிவிடாமல் அவர் பீட்சாவைத் திருப்பித் திருப்பி வைக்கிறார். இந்த ஒன்றரை நிமிஷம்தான் கடையின் மொத்தக் குணத்தையும் தீர்மானிக்கிறது. வேகமாக வெந்துவிடுவதால் காத்திருப்பு குறைவு. மேசை சீக்கிரம் காலியாகிறது. ஒரே அடுப்பு ஓர் இரவில் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சமைத்துப்போடுகிறது. ஆகவே விலை ஏறுவதில்லை. இப்படிப்பட்ட தெருக்களில் ஒரு மார்கெரீட்டா பீட்சாவை 5, 6 யூரோவுக்குச் சாப்பிட்டு எழுந்துவிடலாம்.

விலை ஏறாததால் எல்லாரும் வருகிறார்கள். அன்றைக்கு ஒரு மேசையில் சட்டையில் சுண்ணாம்பு படிந்த இரண்டு தொழிலாளிகள். அடுத்ததில் பந்து விளையாடிவிட்டு அப்படியே வந்த பையன்கள். எனக்குப் பக்கத்தில் ஓர் இலங்கைக் குடும்பம். நேப்பிள்ஸின் இந்தப் பகுதியில் இலங்கையர்கள் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். பிள்ளைகள் அம்மாவிடம் சிங்களத்தில் பேசினார்கள், பரிமாறுகிறவரிடம் அந்த ஊர்ப் பேச்சில் சண்டை பிடித்தார்கள். தனியாக வந்த ஒரு பெரியவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவருடைய மரினாரா தானாக வந்து சேர்ந்தது. மரினாராவில் பாலாடைக்கட்டி கிடையாது. தக்காளி, பூண்டு, ஒரேகானோ, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். மார்கெரீட்டாவில் தக்காளியோடு மொட்ஸரெல்லாவும் பேசில் இலையும் சேரும். ஒரு கடையின் தரத்தை அறிய இந்த இரண்டு போதும். ஒளித்துவைக்க எதுவும் இல்லாத சமையல் இது.

ஆளுக்கு ஒரு முழு பீட்சா. வெட்டாமல் தட்டில் வருகிறது. நடுப்பகுதி மெல்லியதாய், ஈரமாய், தூக்கினால் தொங்குகிறது. கத்தியும் முள்கரண்டியும் கொண்டு தொடங்கிக் கையால் முடிக்கிறார்கள். விளிம்பில் கறுப்புப் புள்ளிகள், உள்ளே பஞ்சு, தக்காளியின் புளிப்பைப் பாலாடைக்கட்டியின் பால்வாசனை தணிக்கிறது. பேச்சு அதிகம் இல்லாமல் சாப்பிடுகிறார்கள், ஏனென்றால் ஆறுவதற்குள் சாப்பிடவேண்டும்.

இந்த உணவை வறுமைதான் வளர்த்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த தக்காளி மலிவான ரொட்டியின் மேல் ஏறியபோது நேப்பிள்ஸ் ஏழைக்கு ஒரு வேளைச் சாப்பாடு கிடைத்தது. 1738-இல் தெரு வியாபாரிகளுக்காகச் சுடத் தொடங்கியதாகச் சொல்லும் போர்ட்டால்பா கடை இன்றும் நடக்கிறது. 1884-இல் காலராவில் நகரம் துடித்தபோது எழுத்தாளர் மத்தில்தே செராவோ எழுதிய ‘நேப்பிள்ஸின் வயிறு’ நூலில், துண்டு துண்டாக வெட்டிச் சில்லறைக் காசுக்கு விற்கப்பட்ட பீட்சா வருகிறது. 1889-இல் இத்தாலி ராணி மார்கெரீட்டா சாப்பிட்டதால் மார்கெரீட்டா பீட்சாவுக்கு அந்தப் பெயர் வந்தது என்ற கதையை ஊரே சொல்கிறது. வரலாற்றாசிரியர்கள் சிலர் அதைச் சந்தேகிக்கிறார்கள். எனக்கு ராணியைவிடக் கடன் முக்கியமாகப் படுகிறது. இன்று சாப்பிட்டு எட்டு நாள் கழித்துக் காசு கொடுக்கும் வழக்கம் இங்கே இருந்தது. 1954-இல் வந்த, இயக்குநர் விட்டோரியோ டி சிகாவின் ‘நேப்பிள்ஸின் தங்கம்’ படத்தில் சோஃபியா லோரன் அப்படித்தான் பீட்சா விற்கிறார். எட்டு நாள் கடன் கொடுக்கவேண்டுமானால் சாப்பிடுகிறவரின் முகம் தெரிந்திருக்க வேண்டும், வீடு தெரிந்திருக்க வேண்டும். அக்கம்பக்கம் இல்லாமல் அந்தக் கடன் இல்லை.

அந்த அக்கம்பக்க உணர்வு இன்றும் இருக்கிறது. தன் பீட்சாவுக்கான காசோடு முகம் தெரியாத இன்னொருவரின் பீட்சாவுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போகும் பழக்கம் நேப்பிள்ஸில் உண்டு. கையில் காசில்லாதவர் வந்து, யாரோ விட்டுப்போனது இருக்கிறதா என்று கேட்டுச் சாப்பிடலாம். கொடுத்தவரும் வாங்கியவரும் சந்திப்பதில்லை; நன்றி சொல்லும் கூச்சம் யாருக்கும் இல்லை. தருமத்தை இவ்வளவு மரியாதையாகச் செய்ய ஒரு சாப்பாட்டுக் கடையால் முடிகிறது என்பது எனக்குப் பெரிய விஷயம்.

2010-இல் நேப்பிள்ஸ் பீட்சாவின் செய்முறையை ஐரோப்பிய ஒன்றியம் பதிவு செய்தது. சுட்ட கடையிலேயே, சுட்ட உடனே சாப்பிடுவது நல்லது என்று அந்த விதிமுறையே சொல்கிறது. பின்னால் விற்பதற்காக உறையவைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. 2017-இல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது பீட்சாவைச் சேர்க்கவில்லை, அதைச் செய்கிறவர்களின் கலையைச் சேர்த்தது. சரியான இடத்தில் வைத்த மரியாதை அது.

நம் ஊரில் பீட்சா பெரும்பாலும் அட்டைப்பெட்டியில் வீட்டுக்கு வருகிறது. கல்லிலிருந்து தட்டுக்கு நேராக விழும் தோசைக்கும் பொட்டலத்தில் வியர்த்த தோசைக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியும். அந்த அறிவைப் பீட்சாவுக்கும் பயன்படுத்தலாம். உங்கள் பகுதியில் கையால் மாவு விரித்துச் சுடுகிற சின்னக் கடை ஏதாவது இருந்தால் நடந்து போங்கள். அடுப்பு தெரிகிற மேசையாகப் பார்த்து உட்காருங்கள். மார்கெரீட்டா ஒன்று சொல்லுங்கள், வந்தவுடன் சாப்பிடுங்கள். பிடித்திருந்தால் அடுத்த வாரமும் போங்கள். பேட்டைக் கடைகள் விளம்பரத்தால் வாழ்வதில்லை, திரும்பி வருகிறவர்களால் வாழ்கின்றன.