சிலந்தி நெய்த சொற்கள்

சொல் உயிரைக் காக்குமா? காக்கும் என்கிறது, அமெரிக்க எழுத்தாளர் ஈ. பி. ஒயிட் 1952-ஆம் ஆண்டு சிறுவருக்கென வெளியிட்ட ‘சார்லட்ஸ் வெப்’ என்னும் புதினம். கிறிஸ்துமஸ் காலத்தில் வெட்டப்படவிருக்கும் வில்பர் என்ற பன்றியை, சார்லட் என்னும் சிலந்தி தன் வலையில் சொற்களை நெய்தே மீட்டுவிடுகிறது. வலையைப் படித்த மனிதர் வியந்து நிற்கின்றனர், கத்தியை எடுப்பாரில்லை. நெய்தது சிலந்தியாயிருக்க, புகழெல்லாம் பன்றிக்கே போய்ச் சேருவது வேறு கதை!

இப்புதினத்தை நமது பங்கின் மாணவர்களுக்குக் கோடை விடுமுறையில் மாலைதோறும் வாசித்துக் காட்டினோம். அவர்களுள் பெரும்பாலோர், தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிப் படியேறியவர்கள். ஆங்கிலம் என்றால் அவர்களுக்கு இருபது சொல், இருபது பொருள், இரவெல்லாம் மனப்பாடம், மறுநாள் மறதி. குருமடத்தில் நாம் இலத்தீன் பயின்ற முறை வேறு. சொல்லைக் கண்டால் வேரைத் தோண்டு. வேர் அகப்பட்டால் பத்துச் சொற்கள் கூடவே வரும். அம்முறையையே இங்கும் கையாண்டோம்.

வில்பருக்குச் சிலந்தி வணக்கம் கூறும் சொல் ‘சல்யூட்டேஷன்ஸ்’. வணக்கம் என்பதைச் சற்றே ஆடம்பரமாகச் சொல்வது, அவ்வளவுதான். இதன் வேர் ‘சாலுஸ்’ என்னும் இலத்தீன் சொல். நலம், பாதுகாப்பு, மீட்பு ஆகிய மூன்றையும் அது குறிக்கும். காவலர் அடிக்கும் ‘சல்யூட்’டும் மறையுரையில் வரும் ‘சால்வேஷன்’ என்பதும் உறவுக்காரர்கள் என்றதும் பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. கபிரியேல் தூதரின் வாழ்த்துக்கும் இலத்தீனில் இதே சொல்தான். நம் முன்னோர் அதை ‘மங்கள வார்த்தை’ என்று மொழிந்தனர். எத்தனை அழகான பெயர்!

‘டெரிஃபிக்’ என்பதன் வேர் அச்சுறுத்தல். அச்சந்தரும் என்ற பொருள் காலப்போக்கில் மிகச் சிறந்தது என்று மாறிற்று. பிரியாணியைப் ‘பயங்கர ருசி’ என்போர் வாழும் நாட்டில் இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. தமிழில் ‘நாற்றம்’ எதிர்த்திசையில் நடந்தது. நறுமணமாய் இருந்தது துர்நாற்றமாயிற்று.

‘ரேடியன்ட்’ என்ற சொல்லைச் சலவைச் சோப்புப் பொட்டலத்திலிருந்து எலி ஒன்று கொண்டுவருகிறது. ‘ராதியுஸ்’ என்ற இலத்தீன் வேருக்கு ஒளிக்கதிர் என்றும் பொருள், தறியில் ஓடும் நாடா என்றும் பொருள். நமது ‘கதிர்’ கதிரவனின் ஒளியையும் குறிக்கும், நூல் நூற்கும் கருவியையும் குறிக்கும். இரு மொழிகளிலும் ஒளியும் நூலும் ஒரே சொல்லில் குடியிருப்பதை என்னென்பது!

கடைசிச் சொல் ‘ஹம்பிள்’. செய்தித்தாளிலிருந்து அதைக் கிழித்து வருவதும் அதே எலிதான். செருக்கற்ற தன்மை, தரைக்கு அருகில் இருத்தல் என்று இரு பொருளையும் சிலந்தியே விளக்குகிறது. வேர் ‘ஹூமுஸ்’, அதாவது மண். மனிதனைக் குறிக்கும் ‘ஹோமோ’வும் அதன் உறவு. புதைத்த உடலைத் தோண்டியெடுப்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘எக்ஸ்யூம்’ அந்த மண்ணிலிருந்து வந்ததே. ‘ஹியூமிலியேஷன்’ என்னும் அவமானமும் அப்படித்தான். தமிழிலும் தாழ்மைக்குத் ‘தாழ்’ என்பதே வேர் என்று கூறி, தாழ்வாரத்தை எடுத்துக்காட்டினோம்.

அப்போது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். “சாமி, தாழ்மையும் தாழ்ந்த சாதியும் ஒரே வேரா?”

அறை அமைதியாயிற்று. ஆம் என்றோம்.

“அப்போ எங்க தெருவுக்கு வந்து, தாழ்மையா இருங்கன்னு ஏன் சாமி தனியாச் சொல்றாங்க?”

இறையியல் நூல்கள் பல பயின்றும் இத்தனை கூரிய வினாவை நாம் அரிதாகவே கேட்டிருக்கிறோம். கல்லறைத் தோட்டத்திலும் சாதிக்கெனச் சுவர் எழுப்பிய வரலாறு தமிழகத் திருச்சபைக்கு உண்டு. மண்ணுக்குள் போன பின்னும் உயர்வு தாழ்வு பார்த்தோர் நடுவில் மண்ணின் பெயரால் தாழ்மையைப் போதிப்பது எளிதன்று.

கரும்பலகையில் மூன்று வடிவங்களை எழுதினோம்: தாழ்தல், தாழ்த்துதல், தாழ்த்தப்படுதல். பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தில் பவுல் கிறிஸ்துவைப் பற்றிக் கூறுவது, தம்மையே தாழ்த்திக்கொண்டார் என்பதே. செய்தவரும் அவரே, ஏற்றவரும் அவரே. எவரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. ‘தாழ்த்தப்பட்டோர்’ என்னும்போது தாழ்த்தியவர் ஒருவர் இருக்கிறார். சொல்லில் அவர் ஒளிந்துகொள்கிறார். ‘தாழ்ந்த சாதி’ என்பதோ பொய்யே. தாமாகவே தாழ்ந்துபோனார்கள் என்பது போல அது பேசுகிறது. தாழ்த்திய கை அங்கே அடியோடு மறைந்துவிடுகிறது. முதலாவது நற்பண்பு. மற்ற இரண்டும் பாவத்தின் சுவடுகள். பாவத்திற்கு ஆளானவர்களிடமே போய் நற்பண்பைப் போதிப்பது நியாயமாகாது என்பதே நமது துணிபு. அப்போதனைக்கு உரியவர்கள் வேறு தெருக்களில் இருக்கிறார்கள். இதை அப்பிள்ளைகளிடம் மறைக்காமல் சொன்னோம். அவள் கரும்பலகையைப் பார்த்து மூன்று வடிவங்களையும் தன் ஏட்டில் எழுதிக்கொண்டாள். பின்வரிசைச் சிறுவன் ஒருவன் ‘தாழ்ப்பாள்’ எந்த வகை என்று கேட்டு எங்களைச் சிரிக்க வைத்தான்.

புதினத்தின் முடிவில் 514 முட்டைகளை விட்டுச் சிலந்தி இறந்துபோகிறது. பொரித்த குஞ்சுகளில் மூன்று மட்டுமே வில்பருடன் தங்குகின்றன. ஒன்றின் பெயர் அரேனியா. இலத்தீனில் சிலந்தி என்றே பொருள். தாயின் முழுப்பெயரில் வரும் ‘கவாட்டிகா’ எதைக் குறிக்கும் என்று கேட்டோம். நெடுநேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு அதே மாணவி, “கேவ்... குகையா சாமி?” என்றாள். அகராதியை நாம் திறக்கவே இல்லை.