அம்மாவின் வளையம்

ஒகேனக்கல்லில் என் அம்மா இருபது வருடங்களுக்கு மேல் மீன் பொரித்தாள். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் வாங்கித் தரும் கட்லாவையும் ஜிலேபியையும் கழுவி, மசாலா தடவி, விறகடுப்பில் பொரித்துக் கொடுக்கும் வேலை. அடுப்பு மூட்டினால் சாயங்காலம் வரை குத்தவைத்தே இருக்க வேண்டும். நடுநடுவே ஆற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர். எழுந்திருக்கும் ஒவ்வொரு முறையும் கொசுவத்துக்குக் கீழே கையை வைத்து எதையோ சரிசெய்வாள். பாவாடை நாடாவை இறுக்குகிறாள் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

எனக்குக் குழந்தை பிறந்து தலைக்கு ஊற்றிவிட்ட நாளில்தான் வாயைத் திறந்தாள்.

“வெயிட்டு தூக்காத கண்ணு. எனக்கு அடி தள்ளுது.”

“எப்பருந்தும்மா?”

“உன் தம்பி பொறந்ததுல இருந்து.”

தம்பிக்கு அப்போது இருபத்தாறு வயது.

கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் தாங்கிப்பிடிக்கும் தசைகளும் நார்களும் பிரசவத்தில் நைந்து தளர்ந்துபோனால், அவை கீழே சரிந்து பிறப்புறுப்பின் வழியே வெளியே பிதுங்குகின்றன. பெரிய சுமை, தீராத மலச்சிக்கல், விடாத இருமல், மாதவிடாய் நின்றபின் வரும் மெலிவு எல்லாம் சேர்ந்து அதை மோசமாக்கும். அம்மா பழைய வேட்டித்துணியைக் கோவணம்போல் கட்டி அதைத் தடுத்து வைத்திருந்தாள். ஒதுங்க இடமில்லாததால் கடையில் இருக்கும்வரை தண்ணீரே குடிக்கமாட்டாள். அப்பாவிடம் முட்டிவலி என்று சொல்லியிருந்தாள்.

முதலில் போன தனியார் மருத்துவமனையில், “எடுத்துடலாம், இனிமே அது எதுக்கு?” என்றார்கள். கருப்பையை மட்டும் வெட்டி எடுப்பதால் தளர்ந்த தாங்கல் சரியாகிவிடாது, மேல்பகுதியைச் சேர்த்துக் கட்டாவிட்டால் பின்னால் அதுவே இறங்கக்கூடும் என்பதை யாரும் சொல்லவில்லை. தேவையில்லாத கருப்பை நீக்கங்களைக் கட்டுப்படுத்தும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2023இல் சொல்ல வேண்டியிருந்த நாடு இது. அப்பாவுக்கு இருந்தது வேறு கவலை. “மூணு மாசம் கடையை யாரு பாக்கறது?” அம்மா அறுவை சிகிச்சையைத் தவிர்த்ததற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம். அவளே முழுமனதாய்த் தேர்ந்தெடுத்தாள் என்று எழுத எனக்கு ஆசைதான்.

பிறகு பார்த்த அரசு மருத்துவமனை டாக்டரம்மா மேசைமேல் சிலிக்கான் வளையங்களைப் பரப்பினார். பெசரி என்று பெயர். பண்டைய கிரேக்கத்தில் இதற்குப் பாதி மாதுளம்பழத்தை வைத்தார்களாம். அம்மா ஒன்றை எடுத்து, “வளையலாட்டம் இருக்குது” என்றாள். மடக்கி உள்ளே செலுத்தினால் விரிந்து நின்று இறங்கியதைத் தாங்கும். சுற்றிலும் ஒரு விரல் நுழைய இடம் இருக்க வேண்டும். இரும, நடக்க, குத்தவைக்க, சிறுநீர் கழிக்கச் சொன்னார். முதல் அளவு குத்தவைத்ததும் நழுவி விழுந்தது. அடுத்த அளவு நின்றது. உள்ளே இருப்பதே தெரியாவிட்டால் அதுதான் சரியான அளவு என்றார்.

தானே எடுத்து, சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, மறுபடி வைக்கக் கற்றுக்கொண்டாள். தன் உடம்புக்குள் தன் விரல் போவதற்குத்தான் நான்கு நாள் கூச்சப்பட்டாள். இருபத்தாறு வருடம் அதையே வெளியிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தவள்! புண்ணாகாமல் இருக்க ஈஸ்ட்ரோஜன் களிம்பு தந்தார்கள். நாற்றமடிக்கும் வெள்ளைப்பாடு, ரத்தம், சிறுநீர் அடைப்பு எது வந்தாலும் உடனே வரவேண்டும், இல்லாவிட்டாலும் சில மாதங்களுக்கு ஒருமுறை காட்ட வேண்டும். இது எல்லோருக்கும் பொருந்துவதில்லை. போட்டுவிட்டு மறந்துவிடுவதுதான் ஆபத்து.

கூடவே கெகல் பயிற்சி. 1948இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் எழுதியது. சிறுநீரை அடக்குவதுபோல் உள்ளே இழுத்து, சில நொடி பிடித்து, விட வேண்டும். வெளியே வந்துவிட்டதை இது மேலே ஏற்றிவிடாது. ஆனால் ஆரம்பநிலையில் தொந்தரவு குறையும். பென்னாகரம் பஸ்ஸில் அம்மா முகத்தை வைத்தே எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று கண்டுபிடித்துவிடுவேன்.

தமிழ்நாட்டில் இதைப் பெண்களிடமே கேட்டு எழுதியவர்கள் செங்கல்பட்டுப் பக்கம் 1981இல் தொடங்கிய கிராமப்புறப் பெண்கள் அமைப்பான ருவ்செக்கும் டி.கே. சுந்தரி ரவீந்திரனும். நேபாளத்தில் 2008இல் உச்ச நீதிமன்றம் இதை இனப்பெருக்க உரிமைப் பிரச்சினையாகவே பார்த்தது. இங்கே ஃபுளோரைடு பாதிப்பைக் குறைக்க ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவிரியைக் கொண்டுபோனது. வாசலில் குழாய் வந்த வீடுகளில் எத்தனை பெண்களின் அடிவயிறு தப்பியது என்று எந்தப் பொறியாளரும் எண்ணியிருக்கமாட்டார். ஆற்றங்கரையிலேயே இருந்த அம்மா மட்டும் குடம்தான் தூக்கிக்கொண்டிருந்தாள்.

இப்போது செங்கல் அடுக்கி அடுப்பை இடுப்புயரத்துக்கு ஏற்றி, நின்றபடி பொரிக்கிறாள். பகலில் தண்ணீர் குடிக்கிறாள். குடத்தைத்தான் முழுதாக விடவில்லை. திட்டினால், “பாதிக்கொடந்தான்” என்பாள்.

இருமும்போது எனக்கும் கொஞ்சம் கசிகிறது. குழந்தைக்கு மூன்று வயதாகிறது, இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்துக் கடை அக்கா ஒருநாள் தயங்கித் தயங்கி அம்மாவிடம் எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை கூட்டம் இருக்காது, அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அம்மா சொல்வது காதில் விழுந்தது. நானும் வருகிறேன் என்றேன். துணைக்கென்று நினைத்துத் தலையாட்டினாள்.