பக்கவாத்தியக்காரனின் ஜாஸ்

எனக்கு ஜாஸ் வாசிக்கத் தெரியாது. சுங்கைப்பட்டாணி, கூலிம், பாடாங் செராய் மண்டபங்களில் கல்யாண விருந்துக்குக் கீபோர்டு வாசிப்பது என் பிழைப்பு. இளையராஜாவும் ரஹ்மானும் எனக்குச் சோறு போட்டவர்கள். ஆனால் வீட்டில் தனியாக இருக்கும்போது நான் போட்டுக் கேட்பது பெரும்பாலும் ஜாஸ்தான். மேடையில் ஒருமுறைகூட வாசிக்காத இசையை ஏன் விடாமல் கேட்கிறாய் என்று எங்கள் குழுவிலேயே கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்லக் கொஞ்சம் கூச்சம். ரசனை, ஞானம் என்றெல்லாம் பெரிதாக ஒன்றும் கிடையாது. பாடுகிறவருக்குப் பின்னால் உட்கார்ந்து எப்படி வாசிப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். இன்றைக்கும் அதற்காகவே கேட்கிறேன்.

பீடோங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். லயத்து வீடுகளில் வானொலி ஆறு, கோயில் திருவிழாவில் நாதஸ்வரம், தைப்பூசத்துக்கு உறுமி மேளம் என்று காது நிறைய இசை இருந்தது. சாக்ஸபோன் மட்டும் 1994இல் ‘டூயட்’ படத்தோடுதான் வந்து சேர்ந்தது. திரையில் பிரபு ஊதினார். நிஜத்தில் ஊதியவர் கத்ரி கோபால்நாத். அந்தக் கேசட் தேய்ந்த பிறகு, இதே வாத்தியத்தை வேறு யார் வாசிக்கிறார்கள் என்று தேடத் தொடங்கினேன். பட்டர்வொர்த்துக்குப் பஸ், அங்கிருந்து பெரி, பிறகு பினாங்கின் லோரோங் குலிட் பழைய சாமான் சந்தை. அங்கே ஒரு குவியலில் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ கிடந்தது. ஜான் கோல்ட்ரேன், கேனன்பால் ஆடர்லி என்று சாக்ஸபோன்காரர்கள் இருவர் இருக்கிறார்களே, ஒரே விலைக்கு இரண்டு பேர் என்று வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து போட்டால் முதல் பாட்டிலேயே ஒன்று புரியவில்லை. ‘ஸோ வாட்’ என்ற அந்த உருப்படியில் மெட்டைச் சொல்வது பேஸ். ஊதுகிறவர்கள் அதற்கு இரண்டு சுரத்தில் பின்பாட்டுப் பாடுகிறார்கள். எங்கள் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “தம்பி, ஊதுறவங்கள விடு. மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் பேஸ மட்டும் புடிச்சிக்கிட்டுப் போ. பாட்டு இப்ப எங்க நிக்குதுன்னு அவருதான் சொல்லிக்கிட்டே இருக்காரு.”

அவர் சொன்னபடி கேட்டபோதுதான் அந்தப் பாட்டின் கட்டுமானம் பிடிபட்டது. சுரங்களைப் பார்த்தால் நம் கரகரப்பிரியா. கோயிலில் ஆர்மோனியம் பழகியவனுக்கு அதில் புதுமை இல்லை. ஆனால் பதினாறு தாள அளவு முடிந்ததும் ஆதார சட்ஜமே அரை சுரம் மேலே நகர்கிறது. எட்டு அளவு அங்கேயே நின்றுவிட்டு, கடைசி எட்டுக்குப் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. சுருதிப் பெட்டியோடு வளர்ந்தவனுக்கு அது தரையே நகர்ந்த மாதிரி. தடுமாறாமல் எல்லோரையும் அழைத்துப் போகிறவர் பேஸ் வாசிக்கும் பால் சேம்பர்ஸ். 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாளில் அந்த ஆல்பம் நியூயார்க்கில் பதிவானது. இரண்டாம் நாள் அவருக்கு 24ஆவது பிறந்தநாள்.

அதன் பிறகு ஒரு ஆல்பத்தை ஆளுக்கு ஆள் பிரித்துக் கேட்பது என் வழக்கமாகிவிட்டது. ஒரு வாரம் டிரம்ஸ், ஒரு வாரம் பியானோ. அதே ஆல்பத்தில் பியானோ வாசிப்பது பில் எவன்ஸ். ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’ ஒன்றில் மட்டும் வின்டன் கெல்லி. கெல்லி சின்னச் சின்னதாகத் தட்டி ஊதுகிறவரை முன்னே தள்ளுகிறார். எவன்ஸ் ஒரு கார்டைத் தொட்டுவிட்டு, அது கரைந்து முடியும் வரை விட்டுவிடுகிறார். ஒரே ஆளுக்குப் பின்னால் இரண்டு விதமாக உட்காரலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. கடைசி உருப்படியான ‘ஃபிளமென்கோ ஸ்கெட்சஸ்’ இன்னும் ஒரு படி மேலே. அதில் ஐந்து சுர வரிசைகள். ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் நிற்பது என்பது வாசிப்பவர் இஷ்டம். அவர் எப்போது அடுத்ததற்குப் போவார் என்று பின்னால் இருப்பவர்கள் காதை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஆலாபனையின்போது வயலின்காரர் செய்கிற வேலைதான் இது.

எவன்ஸைத் தேடிப் போனபோது ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’ வந்தது. 1961 ஜூன் 25, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் என்ற நிலவறை மன்றத்தில் கூட்டத்தின் முன் பதிவு செய்தது. கண்ணாடிக் கோப்பைகள் இடிக்கும் சத்தம், யாரோ பேசும் சத்தம், சிரிப்பு எல்லாம் அதில் கேட்கும். விருந்து மண்டபத்தில் கரண்டிச் சத்தத்துக்கு நடுவே வாசிக்கிறவனுக்கு இதைவிட நெருக்கமான ரெக்கார்டு இருக்க முடியாது. யாரும் கேட்கவில்லையே என்ற மனக்குறை எங்கள் தொழிலில் எல்லாருக்கும் உண்டு. அந்த மூவரையும் அது தொட்டதாகவே தெரியவில்லை. எவன்ஸ், பேஸில் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸில் பால் மோஷன் மூவரும் ஒருவரை ஒருவர் கேட்பதிலேயே குறியாக இருக்கிறார்கள். லஃபாரோ தாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருக்காமல் பியானோவுக்கு எதிர்ப்பாட்டுப் பாடுகிறார். ஜூலை 6ஆம் தேதி கார் விபத்தில் அவர் இறந்தார், வயது 25. கூட்டம் கேட்காவிட்டாலும் பக்கத்தில் இருப்பவர் கேட்கிறார் என்ற துணிவை எனக்குக் கொடுத்தது அந்தத் தட்டுதான்.

கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ எனக்குக் கோயில் இசை. 1964 டிசம்பர் 9ஆம் தேதி பதிவான அதில், ஜிம்மி கேரிசனின் பேஸ் நாலே சுரத்தில் அடித்தளம் போடுகிறது. முதல் பகுதி முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. நாலாம் பகுதியில் கோல்ட்ரேன், தாம் எழுதி உறையில் அச்சிட்ட இறைப்பாடலைச் சொல்லுக்குச் சொல் சாக்ஸபோனிலேயே ஓதுகிறார். சாகித்தியத்தை மனதில் வைத்துக் கீர்த்தனை ஊதும் நாதஸ்வரக்காரரைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதற்கு விளக்கம் தேவைப்படாது. ஆனால் மறுவருடம் அவர் வேறு பத்துப் பேரோடு பதிவு செய்த ‘அசென்ஷன்’ இன்றுவரை எனக்குச் செரிக்கவில்லை. பாதியில் நிறுத்திவிடுவேன். பெரியவர் செய்தது என்பதற்காகத் தலையாட்ட எனக்கு வரவில்லை.

கத்ரியை ஜாஸிலேயே மறுபடி கேட்டது ‘கின்ஸ்மென்’ ஆல்பத்தில். 2008இல் ருத்ரேஷ் மகந்தப்பா என்ற அமெரிக்க சாக்ஸபோன்காரரோடு சேர்ந்து செய்தது. ஏ. கன்யாகுமரியின் வயலினும் பூவலூர் ஸ்ரீஜியின் மிருதங்கமும் ஒரு பக்கம். கிட்டார், பேஸ், டிரம்ஸ் மறுபக்கம். கன்யாகுமரி அம்மையாரை மட்டும் தனியாகப் பின்தொடர்ந்து பாருங்கள். வாழ்நாள் முழுக்கப் பக்கவாத்தியம் வாசித்த காது எப்படி வேலை செய்யும் என்பது தெரியும்.

இதையெல்லாம் கேட்டு மேடையில் முதலில் மாறியது என் இடது கை. பேஸ் கிட்டார் இருக்கும்போது கீழ் ஸ்தாயியில் நான் கை வைப்பதில்லை. இரண்டும் ஒரே இடத்தில் ஒலித்தால் பாடுகிறவரின் குரல் சேற்றில் நடக்க வேண்டியிருக்கும். அடுத்தது, குரலைப் பின்தொடர்வது. எங்கள் பக்கம் கல்யாணத்தில் பாடுகிறவர்கள் பலர் பகலில் ஆசிரியர், தாதி, தொழிற்சாலை ஊழியர். சரணத்தில் ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுவார்கள். முதல் சொல் வாயை விட்டு வரும்போதே நாங்களும் அங்கே போய்விட்டால், மண்டபத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது.

இப்போது நிறைய விருந்துகளில் குழு கிடையாது. மைனஸ் ஒன் தடத்தை ஓடவிட்டுப் பாடகர் ஒருவர் பாடிவிட்டுப் போகிறார். செலவு குறைவு, நானும் அப்படிப்பட்ட நிகழ்ச்சிகளுக்கு ஒலிபெருக்கி கட்டப் போயிருக்கிறேன். அந்தத் தடத்தில் நான் வாசிப்பதைவிடச் சுத்தமான கீபோர்டு இருக்கும். ஆனால் மாப்பிள்ளையின் பாட்டி மேடைக்கு நடந்து வரக் கொஞ்சம் நேரமானால் அது இடையிசையை இன்னொரு சுற்று வாசிக்காது. பாடுகிற பிள்ளைக்குத் தொண்டை அடைத்தால் அடுத்த வரியைத் தள்ளிப் போடாது. மண்டபத்தில் எங்களுக்கு மிச்சமிருக்கிற வேலை அதுதான். கீபோர்டு கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளிடம் ‘ஸோ வாட்’டைக் கொடுத்து நான் சொல்வதும் அதற்காகவே: விரலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் பேஸ் எங்கே போகிறது என்று சொல்லு.