குவளைக்குக் கீழே ஒரு பன் விரிப்பு: வில்கமுவவில் மூன்று நாட்கள்

கண்டியிலிருந்து மஹியங்கனை செல்லும் வீதியில் பதினெட்டு வளைவுகளையும் இறங்கி முடித்ததும் காற்று மாறிவிடுகிறது. உடதும்பர வரை தேவைப்பட்ட சால்வையை மடித்துப் பைக்குள் வைக்க வேண்டியதுதான். ஹஸலகவில் இடப்பக்கம் பிரியும் பாதை ஹெட்டிபொலவுக்குச் செல்கிறது. அதுவே வில்கமுவப் பிரதேசத்தின் கடைத்தெரு. மாத்தளை மாவட்டத்தைச் சேர்ந்த பிரதேசம்தான். ஆனாலும் மாத்தளை நகரிலிருந்து நேரே வருவோர் இரத்தோட்டை, இலுக்கும்புர, பல்லேகம வழியாக நக்கிள்ஸ் மலைத்தொடரைக் கடந்து வரவேண்டும்.

ஒரு பக்கம் அந்த மலைகள், மறுபக்கம் மகாவலி கங்கை. மினிப்பே இடதுகரைக் கால்வாயின் நீரால் இடைப்பட்ட நிலம் வயலாகி இருக்கிறது. வடக்கே வஸ்கமுவ வனம். 1984ஆம் ஆண்டு தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட இவ்வனம் யானைகளுக்குப் பெயர் பெற்றது. உல்லாசப் பயணிகளுக்கு யானை ஒரு காட்சி. இங்குள்ள விவசாயக் குடும்பங்களுக்கோ அது இரவுக் காவலும் மின்வேலியும் மரத்தின் மேல் பரணும்தான். யானைகள் தோடம்பழத்தை விரும்புவதில்லை என்பதால் வீட்டுத் தோட்டங்களில் தோடை நடும் முயற்சியும் இப்பகுதியில் நடைபெறுகிறது.

அரச பணியில் உள்ள என் உறவினர் ஒருவர் வாடகைக்கு இருக்கும் வீட்டில்தான் தங்கினேன். வீட்டுக்கார அம்மாவின் மகளுக்கு முப்பது வயதிருக்கும். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பேசினேன். அவர் என்னை "அக்கே" என்றார், நான் அவரை "நங்கி" என்றேன். கடந்த போகத்தில் ஒரே இரவில் யானைகள் அவர்களது வயலின் பெரும்பகுதியை மிதித்துவிட்டுப் போயிருந்தன. அதன் பின்னர் வீட்டுச் செலவின் ஒரு பகுதி நங்கியின் கைவேலையை நம்பியிருந்தது.

குளத்தோரச் சதுப்பில் வளரும் பன் புல்லை வெட்டி உலர்த்தி அவர் பாய் பின்னுகிறார். சிங்களத்திலும் அதன் பெயர் "பன்" தான். மட்டக்களப்புப் பக்கத்தில் நம் பெண்கள் பின்னும் பன்பாயும் இதன் உறவுதான். பெரிய பாய் பின்னப் பல நாட்கள் செல்லும், வாங்குவோரும் குறைவு. ஆகவே தேநீர்க் கோப்பையும் தண்ணீர்க் குவளையும் வைப்பதற்கான சிறு வட்ட விரிப்புகளை அவர் பின்னத் தொடங்கினார். ஆறு விரிப்புகள் கொண்ட ஒரு தொகுதியைக் கண்டியில் ஒரு கடைக்குக் கொடுத்தனுப்பினார். கடைக்காரர் ஐஸ் போட்ட குவளையை அதன்மேல் வைத்துப் பார்த்திருக்கிறார். சிறிது நேரத்தில் கண்ணாடி மேசையில் ஈரம். "அழகாக இருக்கிறது, வேலைக்கு உதவாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அந்த ஆறும் அலுமாரியின் மேல் கிடந்தன. எடுத்துப் பார்த்தேன். பின்னலில் ஒரு குறையும் இல்லை. குறை வேறிடத்தில் இருந்தது.

குளிர்ந்த குவளை வியர்ப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது குவளைக்குள்ளிருந்து கசியும் நீர் அல்ல. காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த கண்ணாடியில் பட்டுத் துளியாகிறது. வில்கமுவ போன்ற வெப்பமான இடத்தில் வயல்களிலும் வாய்க்காலிலும் நீர் நிறைந்திருக்கும் காலத்தில் இது அதிகம். துளிகள் வழிந்து குவளையின் அடியில் வளையமாகத் தேங்கும். மேசைக்கு அரக்கினால் செய்த பிரெஞ்சு பொலிஷ் பூசியிருந்தால் அந்த ஈரம் பூச்சுக்குள் புகுந்து வெள்ளை வளையமாகத் தெரியும். பூச்சைத் தாண்டி மரத்தையே அடைந்துவிட்டால் கறுப்புத் தழும்பாகிவிடும். வெள்ளை வளையம் உலர உலர மறைவதுண்டு. கறுப்பைப் போக்க மேசையை இழைத்து மீண்டும் பொலிஷ் செய்ய வேண்டும்.

நமது வீடுகளில் குவளையை பீரிசின் மேல் வைத்துக் கொடுப்பது வழக்கம். மேசை தப்பிவிடும். ஆனால் பீரிசில் தேங்கிய நீர் குவளையின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்து, குடிப்பவரின் சேலையில் சொட்டும். எனவே நல்ல விரிப்பு ஈரத்தைத் தடுத்தால் மட்டும் போதாது, அதை உறிஞ்சவும் வேண்டும். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரைச் சேர்ந்த ரொபர்ட் ஸ்புத் என்பவர் 1892இல் மரக்கூழை அச்சில் வார்த்து உலர்த்தி விரிப்புச் செய்வதற்குக் காப்புரிமை பெற்றதும் இந்த உறிஞ்சும் குணத்துக்காகவே.

பன் புல்லின் மேற்பரப்பு வழுவழுப்பானது. நீர் அதன்மேல் நிற்காமல் பின்னலின் இடைவெளி வழியாகக் கீழே இறங்கிவிடும். இதை நங்கியிடம் சொன்னபோது அவர் ஒரு தேக்கரண்டி நீரை விரிப்பின் மேல் விட்டுத் தூக்கிப் பார்த்தார். அடியில் வைத்திருந்த பத்திரிகைத் தாள் நனைந்திருந்தது. "அப்படியானால் குடிக்கிற வேலையைத் துணிக்குக் கொடுப்போம்" என்றார்.

அடுத்த இரண்டு மாலைகளும் அந்த வேலைதான். பழைய பருத்திச் சாரத்தை வட்டமாக வெட்டி மூன்று மடிப்பாக மேலே வைத்தோம். புதுத் துணியில் கஞ்சிப் பசை இருப்பதால் நீர் எளிதில் ஊறாது. பலமுறை துவைத்ததே நல்லது. பொலியெஸ்டர் கலந்த துணி உதவாது. இனி, அடியில் நீர் இறங்காமல் இருக்க என்ன செய்வது? சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டலாம் என்றார் வீட்டுக்கார அம்மா. ஆனால் இறப்பர் நாட்பட்டால் பொலிஷில் கறை பிடிக்கும். எனவே மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் துணிக்கும் பன் பின்னலுக்கும் நடுவில் வைத்து, ஓரத்தை மட்டும் தைத்தோம். நடுவே ஊசி போட்டால் அந்தத் துளை வழியாக ஈரம் இறங்கிவிடும் அல்லவா? மேசையில் படுவது பன் மட்டுமே. மீண்டும் ஒரு தேக்கரண்டி நீர் விட்டோம். தாள் நனையவில்லை. இரண்டாவது கரண்டிக்கும் நனையவில்லை.

சாயம் பற்றியும் பேசினோம். கண்டிக்கு அருகே தும்பறைப் பகுதியில் ஹண நாரில் நெய்யப்படும் பாய்க் கலை 2021இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. அந்தச் சிவப்பும் கறுப்பும் போன்ற நிறங்களைத் தன் விரிப்பிலும் கொண்டுவர நங்கிக்கு ஆசை. ஆனால் ஈரம் பட்டுச் சாயம் இறங்கினால் மேசைக்கு இன்னொரு கறை. ஆகவே அடிப்பக்கம் சாயமிடாத பன்னாகவே இருக்கட்டும், நிறத்தை ஓரத்துத் தையலில் காட்டலாம் என்று முடிவாயிற்று.

வீட்டில் செய்ய விரும்பும் சகோதரிகள் சில விடயங்களைக் கவனிக்கவும். விரிப்பின் அகலம் குவளையின் அடியைவிட இரண்டு சென்ரிமீற்றராவது கூடுதலாக இருக்கட்டும். சாயம் போட்டிருந்தால் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துவிட்டு விற்பனைக்குக் கொடுங்கள். பாவித்த பின் காற்றோட்டமாக உலர்த்துங்கள். ஈரத்தோடு அடுக்கினால் பூஞ்சணம் பிடிக்கும். நாட்பட நனைந்திருக்கும் விரிப்பு மேசையைக் காக்காது, அதைக் கெடுக்கும்.

நான் புறப்படும் நாளில் புதிய ஆறும் தயாராகிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் செலவான பன், துணி, நூல், நேரம் எல்லாவற்றையும் நங்கி ஒரு கொப்பியில் எழுதியிருந்தார். முதல் தடவை விலை சொன்னபோது தன் நேரத்தை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லையாம். இம்முறை சேர்த்திருந்தார். கடைக்காரர் அதிகம் என்பாரோ என்ற தயக்கம் முகத்தில் இருந்தது. ஆனாலும் எழுதிய விலையை அடிக்கவில்லை.

"யானை வந்தால் வயல் போகும். கையில் இருக்கும் வேலை போகாது, அக்கே" என்றார்.

இரண்டு வாரங்களுக்குப் பின் உறவினர் தொலைபேசியில் பேசினார். கடைக்காரர் குவளை வைத்துப் பார்த்தாராம். விலையில் சிறிது குறைக்கக் கேட்டாராம், நங்கி குறைக்கவில்லையாம். பன்னிரண்டு தொகுதிகள் அனுப்பச் சொல்லியிருக்கிறார். பன் வெட்டக் குளத்தோரம் போக இப்போது பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரும் சேர்ந்துகொண்டார்கள். யானைகள் நடமாடும் இடம் என்பதால் வெயில் ஏறிய பின்னரே போகிறார்கள். மாலைக்கு முன் திரும்பிவிடுகிறார்கள்.