மருதமுனைப் பெட்டகத்தில் சாறன்

கல்முனையிலிருந்து மட்டக்களப்பு வீதியில் பாண்டிருப்பைத் தாண்டினால் மருதமுனை. மூன்று, நான்கு கிலோமீற்றர்தான். கைத்தறிச் சாறன் வாங்க இங்கே எல்லாரும் வருவார்கள். நெய்கிற ஊர்க்காரர் அதைத் தங்கள் வீட்டில் எப்படிப் பேணுகிறார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை.

முதலில் பிரதான வீதியில் ஒரு கடை. நீலக் கட்டம் போட்ட சாறன் 2,400 ரூபாய். "சாயம் போகவே போகாது. அலுமாரியில ரெண்டு பூச்சி உருண்டை போட்டு வெச்சா காலத்துக்கும் கிடக்கும்" என்றார் கடைக்காரர். கைக்குட்டை நுனியை நனைத்துக் கட்டத்தில் தேய்த்தேன். இலேசாக நீலம் ஒட்டியது. முதல் சில அலசல் தனியாகத்தான்.

கடற்கரைப் பக்கம் ஒழுங்கையில் இறங்கி நடந்தால் தறிச் சத்தம் கேட்டது. அந்த வீட்டு மாமி பெட்டகத்தைத் திறந்து காட்டினார். பழைய பெட்டகமும் தறியும் 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலோடு போய்விட்டன. இது பிறகு வாங்கியதாம். மேலே, யாரோ கொடுத்த புதுச் சாறன், பிரிக்காமலே கிடந்தது. விரித்தால் மடிப்பு நெடுகச் சுரண்டியதுபோல் ஓட்டைகள். வெள்ளி நிறத்தில் வால் மெலிந்த பூச்சியொன்று சரசரவென்று ஓடியது. பக்கத்திலேயே பாதி கரைந்த பூச்சி உருண்டை! மூடி சரியாகப் பொருந்தாத பெட்டியில் அதன் ஆவி எங்கே தங்கும்?

"கஞ்சியோட வெச்சது மகன். கஞ்சிக்குத்தான் அது வரும்" என்றார் மாமி. தறியில் நூல் அறாமலிருக்கப் பாவுக்குக் கஞ்சி போடுவார்கள். புதுச் சாறனின் மொடமொடப்பு அதுதான்.

சாறனைப் போலவே இடுப்பில் கட்டுகிற ஸ்கொட்லாந்துக்காரரின் கில்ட்டுக்கு வேறு வைத்தியம். அது கம்பளி, அந்துப்பூச்சிதான் எதிரி. மடிப்புகளை நூலோட்டிப் பிடித்துத் தொங்கவிடுவார்கள். சுத்தமான பருத்தியை அந்து சீண்டாது.

பெட்டகத்தின் அடியில், சுனாமிக்குப் பிறகு அவர் கணவர் முதன்முதலாக நெய்த சாறன். கஞ்சி போக அலசி, நிழலில் காயவைத்து, பழைய பருத்திச் சீலையில் சுற்றியிருந்தார். பொலித்தீன் கிடையாது, உள்ளே வேர்த்துக் கரும்புள்ளி விழுமாம். எடுக்கும்போதெல்லாம் மடிப்பை இடம் மாற்றுவாராம். ஒளியில் பிடித்துப் பார்த்தேன், ஓர் இழைகூட நையவில்லை.

கொடியில் இரண்டு சாறன் கிடந்தன. உவர்க் கிணற்றில் அலசியது உச்சி வெயிலிலும் பிசுபிசுத்தது. குழாய்த் தண்ணீரில் அலசியது உலர்ந்திருந்தது. உப்பு ஈரத்தை இழுக்கிறது. கரையோர வீடுகளில் கடைசி அலசலாவது நல்ல தண்ணீரில் இருக்கட்டும்.

மாரி தொடங்குமுன் உங்கள் அலுமாரியைத் திறந்து பாருங்கள். பெருநாளைக்கு வந்த சாறன் கஞ்சியோடு கிடந்தால், இன்றைக்கே அலசிப் போடுங்கள்.