பதினெட்டு வளைவில் வந்த அழைப்பு

சம்மாந்துறையிலிருந்து கண்டிக்குப் போவதென்றால் எங்களுக்கு ஒரே பாதைதான். அம்பாறை, உகணை, மகா ஓயா, பதியத்தலாவை, மகியங்கனை என்று வயலையும் காட்டையும் கடந்து போய், ஹசலக்கையில் மலையடிவாரத்தைத் தொட வேண்டும். அதற்கப்பால் ‘பதினெட்டு வளைவு’ என்று நாடே அறிந்த மலைப்பாதை. அதில் ஏறி ஹுன்னஸ்கிரிய, தெல்தெனிய, திகன வழியாகக் கண்டியை அடையலாம். எத்தனையோ முறை போய் வந்த பாதைதான். ஆனாலும் 2024 ஆம் ஆண்டு பாடசாலை விடுமுறையில் போன பயணத்தை மட்டும் என்னால் மறக்க முடியாது.

கண்டியில் ராத்தாவுக்கு இருதயச் சத்திரசிகிச்சை. முதல் நாள் மாலைதான் முடிந்திருந்தது. சுபஹ் தொழுத கையோடு வேனில் ஏறினோம். ஓட்டியவர் ராத்தாவின் மூத்த மகன். முன்னாசனத்தில் இவர், பின்னால் நானும் பிள்ளைகளும். வைத்தியசாலையில் ராத்தாவின் மகள் துணைக்கு நின்றாள். “ஏதும் எண்டால் உடனே கோல் எடுப்பாள் சாச்சி” என்று சொல்லி, மகன் தன் கையடக்கத் தொலைபேசியை ஸ்டியரிங்குக்கு அருகில் கண்ணில் படும்படி வைத்துக்கொண்டார். தாய் வைத்தியசாலையில் கிடக்கும்போது அதை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

சிக்னல் வரும், போகும்

உகணையைத் தாண்டியதும் காடு தொடங்குகிறது. யானை நடமாடும் பகுதி. மகா ஓயாவின் வெந்நீர் ஊற்றுக்குச் சிறு வயதில் வாப்பாவோடு வந்த ஞாபகம் எனக்கு. பிள்ளைகளுக்கோ வேறு கவலை. “உம்மா, ஃபோர்ஜி போச்சு. இப்ப ஒண்டும் இல்ல” என்று அடிக்கொரு தரம் அறிவித்துக்கொண்டு வந்தார்கள்.

நான் சிரித்துக்கொண்டேன். எங்கள் காலத்தில் கண்டிக்குப் போனவர் போய்ச் சேர்ந்தாரா என்று அறிய இரண்டு நாள் ஆகும். அவசரமென்றால் தந்தி. பிறகு சந்திக்குச் சந்தி ‘கொமியுனிகேஷன்’ கடைகள் வந்தன. காசு கொடுத்து வரிசையில் நின்று பேசினோம். இலங்கையில் கையடக்கத் தொலைபேசிச் சேவை 1989 இலேயே தொடங்கிவிட்டது. 1995 இல் ஜீஎஸ்எம் என்ற இலக்கமுறைச் சேவை வந்தது. 2006 இல் மூன்றாம் தலைமுறையும், 2013 இல் நான்காம் தலைமுறையும் வந்தன. போர்க்காலத்து நெருக்கடிகளால் எங்கள் பகுதிக்கு எல்லாமே பிந்தித்தான் வந்தன. இன்று வயல் வரம்பில் நிற்கும் விவசாயி, கட்டாரில் இருக்கும் மகனின் முகத்தைப் பார்த்தபடி பேசுகிறார்.

ஆனால் இந்த வளர்ச்சி எல்லா இடத்திலும் ஒரே அளவாகப் பரவுவதில்லை. கோபுரத்திலிருந்து வரும் அலைக்கு மலை ஒரு சுவர். அலைவரிசை கூடக்கூட அது எட்டும் தூரமும் குறையும். ஆகவே வேகமான சேவைக்குக் கோபுரங்களை நெருக்கமாக நட வேண்டும். சனம் அடர்ந்த நகரத்தில் அது கட்டுப்படியாகும். காட்டு வழியில் ஆகாது. அதனால்தான் நகரத்தில் புதுச் சேவை ஓடும்போது, இடைவழியில் பழைய சேவை மட்டும் இருக்கிறது. சில மடிப்புகளில் அதுவும் இல்லை. நாம் ஓடிக்கொண்டிருக்கையில் ஒரு கோபுரம் நம்மை அடுத்த கோபுரத்திடம் கைமாற்றுகிறது. வாங்கிக்கொள்ள அடுத்தது இல்லாவிட்டால் பேச்சு அறுந்துவிடும். அப்போது தொலைபேசி முழுப் பலத்தோடு கோபுரத்தைத் தேடுவதால் அதன் மின்கலமும் விரைவில் இறங்கிவிடும்.

மலைமேல் நடந்தது

மகியங்கனையில் மகாவலியைக் கடந்து, ஹசலக்கையில் தேநீர் குடித்துவிட்டு ஏறத் தொடங்கினோம். ஊசி மடிப்புப் போன்ற வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஹோர்ன் அடித்து, மேலிருந்து யாரும் வருகிறார்களா என்று பார்த்துத்தான் திருப்ப வேண்டும். ஏற ஏற, நாம் விட்டு வந்த மகாவலிச் சமவெளி பச்சைப் பாய் விரித்தது போலக் கீழே தெரியும். பிள்ளைகள் ஜன்னலில் ஒட்டிக்கொண்டார்கள்.

சமவெளி நம் கண்ணுக்குத் தெரிகிறதென்றால், சமவெளியிலுள்ள கோபுரத்துக்கும் நாம் தெரிகிறோம். இதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன். மடிப்புக்குள் ஊமையாக இருந்த தொலைபேசி, வளைவில் ஏறி வெளியே தலைகாட்டியதும் தேங்கிக் கிடந்த செய்திகளை எல்லாம் ‘டிங் டிங்’ என்று கொட்டியது. அடுத்த கணம் மணி அடித்தது.

மகனின் கண் ஒரு தடவை திரும்பியது, கை நீண்டது. அவ்வளவுதான். மேலிருந்து ஒரு பஸ் வளைவை முழுதாக அடைத்துக்கொண்டு இறங்கியது. இவர் “மகன்!” என்று கத்தினார். பிரேக் பிடித்த வேகத்தில் வேன் ஒரு பக்கம் இழுத்து, இடது சக்கரம் மலையோரத்து வடிகானுக்குள் இறங்கி நின்றது. பஸ் ஒரு சாண் இடைவெளியில் உரசாமல் போனது. மறுபக்கம் பள்ளம்.

அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் காயமில்லை. பின்னால் வந்த லொறியில் இருந்தவர்கள் இறங்கி வந்து, கைகொடுத்து வேனைத் தூக்கிவிட்டார்கள். கை நடுங்க நடுங்க மகன் தொலைபேசியை எடுத்துப் பார்த்தார். அழைத்தது வைத்தியசாலை அல்ல. வீட்டிலிருந்து அவருடைய மனைவி. “எங்க வாறீங்க? சாப்பிட்டீங்களா?” என்று கேட்கத்தான் எடுத்தாராம். தேங்கி வந்த செய்திகளில் ஒன்று தங்கையிடமிருந்து: உம்மா கண் விழித்துக் கஞ்சி கேட்டார்.

யார் மீது குற்றம்?

மகனைக் குறை சொல்வது இலகு. வாகனம் ஓட்டும்போது கையடக்கத் தொலைபேசியைக் கையில் பிடிப்பது எமது நாட்டில் சட்டப்படி குற்றம். ஓட்டும்போது தொலைபேசி பாவிப்பவர் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். காதில் மாட்டிக்கொண்டு பேசுவதும் பெரிய பாதுகாப்பு அல்ல என்று அதே நிறுவனம் சொல்கிறது. கை விடுபட்டாலும் கவனம் விடுபடுவதில்லை. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஐந்து செக்கன் கண்ணை எடுத்தால் வாகனம் 80 மீற்றருக்கு மேல் குருடாக ஓடிவிடும். வளைவில் 20 கிலோமீற்றர் வேகத்தில் ஏறினாலும் மூன்று செக்கனில் 16 மீற்றருக்கு மேல். அந்த மலையில் அது போதும்.

ஆனால் அழைத்தவர் யார்? நம்மவர். ஓட்டுகிறார் என்று தெரிந்தே அழைத்தவர். ஒரு மணித்தியாலம் பதில் வராவிட்டால் மனம் பதறி மீண்டும் மீண்டும் அழைப்பவர்கள் நாம்தான். நான் எத்தனை முறை இவர் பிரயாணத்தில் இருக்கும்போது அப்படி அழைத்திருக்கிறேன்!

பதறுவதிலும் நியாயம் இல்லாமலில்லை. தெல்தெனியவையும் திகனவையும் கடக்கும்போது 2018 மார்ச் மாதம் நினைவுக்கு வந்தது. அங்கே வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்ட நாட்களில் அரசாங்கம் சமூக வலைத்தளங்களை முடக்கியது. வதந்தி பரவாதிருக்க என்று சொன்னார்கள். ஆனால் திகனவில் உறவினர் இருந்த எங்களுக்குச் செய்தி தெரியாத அந்த இரவுகள் நீண்டவை. ஒருவர் குரலைக் கேட்டாலே உயிர் வந்தது. தொலைபேசியின் அருமை தெரியாமல் இதை எழுதவில்லை.

கைப்பைக்குள் போன தொலைபேசி

ஹுன்னஸ்கிரியவில் வேனை நிறுத்தி, பிளேன்டீ குடித்து, மகனின் நடுக்கம் தீர்ந்த பின்பே புறப்பட்டோம். “சாச்சி, இத நீங்களே வச்சிக்கங்க” என்று தொலைபேசியை என்னிடம் நீட்டினார். கைப்பையில் போட்டுக்கொண்டேன். விக்டோரியா நீர்த்தேக்கத்தின் ஓரமாக வரும்போது மறுபடி மணி அடித்தது. நான் எடுத்தேன். “மகன் ஓட்டுறார், மகள். கண்டியில இறங்கினதும் எடுப்பார்” என்றேன். “சரி மாமி” என்று வைத்துவிட்டாள். இவ்வளவு எளிதான வேலை!

ராத்தாவைப் பார்த்தோம். மெலிந்திருந்தார், சிரித்தார். வடிகான் கதையை அவரிடம் நாங்கள் யாரும் சொல்லவில்லை.

ஊர் திரும்பிய பின் எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. யாரை அழைத்தாலும் ஸலாம் சொன்னதும் முதல் கேள்வி, “வாகனம் ஓட்டுறீங்களா?” என்பதுதான். ஆம் என்றால் உடனே வைத்துவிடுவோம். தூரப் பயணமென்றால் எந்த ஊரில் நிறுத்திப் பேசுவது என்று புறப்படும்போதே பேசிக்கொள்வோம். மகியங்கனையில் ஒன்று, கண்டியில் ஒன்று. இடையில் மலை ஏறும் நேரத்தில் வீட்டிலிருப்பவர்கள் பொறுத்திருக்க வேண்டும். முதலில் கஷ்டமாகத்தான் இருந்தது. இப்போது மகனின் மனைவிகூட அந்த இரண்டு மணித்தியாலமும் தொலைபேசியைத் தொடுவதில்லையாம்.